நகத்துல ஏறின பச்சை

எங்க மேட்டுக்கரட்டுல அந்த ஆடி மாசம் ஆளாளுக்கு நகம் நிறம் மாறினதைப் பத்தி வெளியூர்க்காரங்க என்னென்னமோ சொல்லுவாங்க, மழைத்தண்ணியில மருந்து கலந்துச்சும்பாங்க, மலைமேல இருக்கிற சாமி கோவிச்சுக்கிச்சும்பாங்க, ஆனா எங்களுக்கு அது ஏன் வந்துச்சுன்னு யோசிக்க நேரமே இருந்ததில்லை, வந்ததை எப்படி மறைக்கிறதுங்கிற கவலையிலயே ஊரு மொத்தமும் திரிஞ்சோம்.

சங்கதி இவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில எழுந்து பார்த்தா, முந்தின நாள் யாரு என்ன கீரை, என்ன காய், என்ன பழம் சாப்பிட்டாங்களோ அந்த நிறம் அவங்க கைநகத்துல ஏறி நின்னுச்சு. கீரை தின்னவங்களுக்குப் பச்சை, கேரட்டுக்கு ஆரஞ்சு, கத்திரிக்காய்க்கு ஊதா, பீட்ரூட்டுக்கு ரத்தச் சிவப்பு, பரங்கிக்காய்க்கு மஞ்சள், நாலு வகை தின்னவங்களுக்கு விரலுக்கொரு நிறம். சோத்துக்கு நிறமில்லை, கறிக்கு இல்லை, பரோட்டாவுக்கு இல்லை, டீக்கு இல்லை, குழம்புத் தண்ணிக்கும் ஊறுகாய்க்கும் இல்லை. வெறும் சோத்தைத் தின்னவங்க நகம் சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. சோப்பு போட்டோம், போகலை. மண்ணெண்ணெய் தேய்ச்சோம், போகலை. மறுநாள் வேற காய் தின்னா வேற நிறம் வந்துச்சு, அவ்வளவுதான்.

மேட்டுக்கரடுன்னா காய்கறி மண்டி. சுத்துப்பட்டுக் காட்டுல விளையுற முருங்கையும் வெண்டையும் தக்காளியும் இங்கதான் வரும், இங்கிருந்து லாரி லாரியா மலையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போகும், ரோட்டுல சிதறிக் கிடக்கிற கேரட்டை மிதிக்காம நடக்க முடியாது. அப்படிப்பட்ட ஊருல ஆம்பளைங்க எல்லாம் டீக்கடை பெஞ்சு மேல கையை விரிச்சு வச்சுகிட்டு, என்னுது பாரு முருங்கைக்கீரை, என்னுது அவரைக்காய்டா இளம்பச்சைன்னு பொடிப்பசங்க மாதிரி பெருமை பேசிகிட்டிருந்தாங்க. அவனவன் குட்டும் உடைஞ்சது. சர்க்கரைக்குப் பாகற்காய் தின்னுறேன், வெந்தயக்கீரை தின்னுறேன்னு பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணிட்டு மண்டி வாசல்ல பரோட்டாவாப் பிய்ச்சுப் போட்டுகிட்டிருந்த ரங்கசாமி மாமா கையைத் துண்டுக்குள்ளயே வச்சுகிட்டு நடமாடினார். பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையைக் கையை நீட்டச் சொன்னாங்க, பத்து விரலும் வெள்ளை, "தம்பிக்கு இப்பவே மலச்சிக்கல் இருக்குமே"ன்னு பொண்ணோட அத்தை கேட்டே கேட்டுட்டாங்க, அந்தப் பையன் காபியைக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டான்.

சிரிப்பு அதோட நின்னிருந்தா நல்லாருந்திருக்கும்.

அந்த முதல் செவ்வாய்க்கிழமை காலையில நாங்க பொம்பளைங்க குழாயடியில வரிசையா நின்னோம். குடத்து விளிம்பைப் பிடிச்சிருந்த கை அத்தனையும் வெள்ளை. எவ வீட்டுல என்ன குழம்பு கொதிக்குதுன்னு வாசனையிலயே சொல்லுற நாங்க, ஒருத்தி கையை ஒருத்தி பார்த்தோம், விரலைக் குடத்துக்கு அடியில மடக்கிகிட்டோம். வெட்கப்பட வேண்டியது நாங்க இல்லைன்னு அப்ப எங்களுக்குத் தோணவே இல்லை பாருங்க, அதை நினைச்சா இப்பவும் எனக்கு என் மேலயே ஆத்திரம் வருது.

எங்க ஊரு வழக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், உங்க ஊருலயும் அதேதான் இருக்கும். ஆம்பளைங்க முதல்ல உட்காருவாங்க, அப்புறம் பசங்க, அப்புறம் பொண்ணுங்க, கடைசியில சட்டியை வழிச்சுப் போட்டுகிட்டு நாங்க. பொரியல் அதுக்குள்ள தீர்ந்திருக்கும், கூட்டுல பருப்பு அடியில ஒட்டிகிட்டிருக்கும், சாம்பார்ல காய் இருந்த இடம் மட்டும் இருக்கும். ஊறுகாய் இருக்கே, அது போதாதா. இதை யாரும் எங்களைக் கட்டிவச்சு அடிச்சுச் செய்யச் சொல்லலை, நாங்களேதான் செஞ்சோம், எங்கம்மா செஞ்சா, நானும் செஞ்சேன். யாருக்கும் தெரியாம நடந்துகிட்டிருந்தது இப்ப விரல் நுனியில வந்து நின்னுச்சு.

மாடுங்களுக்கும் அந்த நிறம் வந்துச்சு. மண்டியில கழிச்சுக் கொட்டுற சொத்தைக் கத்திரிக்காயும் முத்தின முள்ளங்கியும் வாடின கீரைக்கட்டும் தின்னுற மாடுங்களுக்குக் குளம்பு பச்சையும் ஊதாவுமாப் பளபளத்துச்சு. என் வீட்டு வாசல்ல படுத்திருந்த செவலைப் பசுவோட குளம்பைப் பார்த்துட்டு என் கையைப் பார்த்தேன். சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

பஸ்லதான் மானம் போச்சு. டவுன் பஸ்ல முன்னால பொம்பளைங்க, பின்னால ஆம்பளைங்க, எல்லாரும் மேல கம்பியைப் பிடிச்சுகிட்டு நின்னா, முன்பாதிக் கம்பி முழுக்க வெள்ளையும் பின்பாதி முழுக்கப் பொங்கல் கோலம் மாதிரி நிறமுமா இருந்துச்சு. கண்டக்டர் வெளியூர்க்காரர், டிக்கெட்டைக் கிழிச்சுகிட்டே மேல பார்த்தார், திரும்பிப் பின்னால பார்த்தார். "ஏம்மா, உங்கூருல பொம்பளைங்களுக்குச் சமைக்க மட்டும்தான் தெரியுமா, திங்கத் தெரியாதா?"ன்னு கேட்டார். பின்பாதியில ஒவ்வொரு கையாக் கம்பியை விட்டு இறங்குச்சு, வளைவுல பஸ் திரும்பினப்ப ஆம்பளைங்க எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுகிட்டே வந்தாங்க.

இனி நான் சொல்ல வந்தது தண்டபாணி அண்ணனைப் பத்தி. எனக்குப் பக்கத்து வீடு, நடுவுல ஒரு செவுருதான், அதனால பாதி என் காதுல விழுந்தது, மீதி அவர் பொண்டாட்டி பரிமளம் அக்கா என்கிட்டச் சொன்னது.

தண்டபாணி அண்ணன் மண்டியில காய் தரம் பிரிக்கிறவர். ஒரு முருங்கைக்காயைக் கையில தூக்கினாலே முத்தலா பிஞ்சான்னு சொல்லிடுவார். குடி கிடையாது, கை ஓங்கினது கிடையாது, தினமும் காலையில மண்டிக்கு வந்ததுலயே நல்ல காயாப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு வருவார், எங்க தெருவுல புருஷன்னா அவரைத்தான் காட்டுவாங்க. அக்கா கைப்பக்குவம் அப்படி. அண்ணனுக்குச் சாயங்காலமானா கண்ணு மங்குதுன்னு கேரட்டும் முருங்கைக்கீரையும் மாத்தி மாத்திப் போட்டு ஆறே மாசத்துல தெளிய வச்சா. பெரியவனுக்கு வயித்துக் கடுப்புன்னா கீரைத்தண்டு, சின்னவனுக்குப் பல்லு ஈறுல ரத்தம் கசிஞ்சா நெல்லிக்காய், புருஷனுக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தப்ப வெந்தயமும் பாகற்காயும். ரெண்டு பசங்களும் அப்பாவோட மண்டிக்கே வேலைக்குப் போறவங்க, நல்லாத் தின்னுற வயசு. மூணு ஆம்பளைங்களையும் அவ அடுப்படியிலயே வச்சு வைத்தியம் பார்த்தா. இலைக்கு முன்னால நின்னு ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துப் பார்த்துப் போடுவா. எல்லாம் முடிஞ்சு கை கழுவுறப்ப அண்ணன் மறக்காமக் கேட்பார், "நீ சாப்புட்டியா புள்ள?"

அவ சொல்லுவா, "ஆச்சுங்க."

செவுருக்கு இந்தப் பக்கம் அந்த "ஆச்சுங்க" தினமும் என் காதுல விழும். அப்ப அவ சாப்பிட்டிருக்க மாட்டா. அண்ணன் போனதும் மிச்சச் சோத்துல குழம்பை ஊத்திப் பிசைஞ்சு நின்னுகிட்டே நாலு வாய் தின்னுட்டு, அதே கையோட ஒரு டம்ளர் டீயைக் குடிப்பா. நடுவுல சும்மா இருக்கிறப்ப முறத்துல இருக்கிற பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுவா. "இப்படி அரிசி தின்னா பெரியவன் கல்யாணத்துல மழை கொட்டப் போகுது பாரு"ன்னு அண்ணன் கேலி பண்ணுவார். அவ வாயைப் பொத்திகிட்டுச் சிரிப்பா. அந்த அரிசித் தீனிக்குப் பின்னால ரத்தக்குறைவுன்னு ஒரு வியாதி உட்கார்ந்திருக்குன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணன் தன் நகத்தைப் பார்த்து அசந்து போயிட்டார். கட்டை விரல் ரெண்டும் கரும்பச்சை, மத்ததுல ஆரஞ்சும் ஊதாவும். "இங்க வா புள்ள, என் கையில உன் சமையலைப் பாரு"ன்னு கூப்பிட்டார். அக்கா முறத்தோட வந்து பார்த்தா, சந்தோஷப்பட்டா. தன் கையை அரிசிக்குள்ளயே வச்சிருந்தா. அவரும் உன் கையைக் காட்டுன்னு கேட்கலை.

பஸ் விஷயம் ஊரூராப் போனதும் மண்டிச் சங்கத்துல கூட்டம் போட்டாங்க. சந்தைக்கு வர்ற வெளியூர் வியாபாரிங்க எங்க ஆம்பளைங்க கையைப் பார்த்துட்டு, "வீட்டம்மா கை எப்படிங்க?"ன்னு கேட்க ஆரம்பிச்சிருந்தாங்க. சங்கச் செயலாளர் செல்லமுத்து எந்திரிச்சு, "நம்மூரு மானம் பஸ் ஏறிப் போகுதுங்க, இதுக்கு ஒரு வழி பண்ணியாகணும்"னார். நாலு பேரு தொண்டையைக் கனைச்சாங்க. பொம்பளைங்களையும் கூட உட்கார வச்சுச் சாப்பிட வச்சா ஆச்சுங்கிறது அந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்காவது தோணியிருக்குமா இல்லையா, எனக்குத் தெரியாது, தோணியிருந்தாலும் வாயைத் திறக்கலை. காய் வாங்கிப் போடுற நமக்குத் தெரியாதா, அவங்கதான் திங்க மாட்டேங்கிறாங்கன்னு ஒருத்தர் சொன்னார். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. அப்புறம் செல்லமுத்துவே வழியும் சொன்னார். "ஆடி மாசந்தானுங்க. பொம்பளைங்க மருதாணி வைக்கிறது வழக்கந்தானுங்க. நகம் பூராவும் வச்சுட்டா செகச்செகன்னு சிவந்து போகும். மங்களத்துக்கு மங்களமும் ஆச்சு."

கூட்டம் நிம்மதியா மூச்சு விட்டுச்சு. சொன்ன மறுநாளே பக்கத்து ஊருல இருந்து லாரியில மருதாணி இலை வந்து இறங்குச்சு, மண்டிக்காரங்களுக்கு அதெல்லாம் சொல்லியா குடுக்கணும், வீட்டுக்கொரு கூடைன்னு பங்கு வச்சாங்க. எங்களுக்காக எங்க ஊரு ஆம்பளைங்க சேர்ந்து செஞ்ச முதல் காரியம் அதுதான்.

தெரு முழுக்க அம்மிச் சத்தம். மத்த வீட்டுல பொம்பளைங்களே அரைச்சு, ஒருத்திக்கொருத்தி வச்சு விட்டோம். பரிமளம் அக்கா அரைக்க உட்கார்ந்தா, குழவியை ரெண்டு இழுப்பு இழுத்ததும் தலையைப் பிடிச்சுகிட்டா. அண்ணன் பார்த்துட்டு, "நகரு, நான் அரைக்கிறேன்"னார். கொட்டைப்பாக்கும் புளியும் வச்சு மைய அரைச்சார். வெயில் சாய்ஞ்ச நேரம், புறவாசல் படியில அவளை உட்கார வச்சு, கீழ்ப்படியில தான் உட்கார்ந்து, அவ கையை எடுத்துத் தன் முழங்கால் மேல வச்சுகிட்டார்.

தாலி கட்டின அன்னைக்கு ஐயர் சொல்லி அந்தக் கையைப் பிடிச்சது. அதுக்கப்புறம் பிடிச்சதா அவருக்கு ஞாபகமில்லை. அவ வெட்கப்பட்டு இழுத்தா.

"விடுங்க, யாராச்சும் பார்க்கப் போறாங்க."

"பார்க்கட்டும். என் பொண்டாட்டி கைதானே."

அப்பதான் அவர் நகத்தைப் பார்த்தார். வெள்ளைன்னா வெறும் வெள்ளை இல்லை, மெலிஞ்சு, ஓரம் தூக்கி, நடுவுல குழிஞ்சு போயிருந்துச்சு, ஒவ்வொரு நகத்துலயும் ஒரு சொட்டுத் தண்ணி விட்டா நிக்கும். தரம் பார்க்கிற கை அது. வாடினது எது, உள்ள சத்தில்லாதது எதுன்னு தொட்டுச் சொல்லுற கை. அந்தக் கைக்குத் தெரியாமலா இருக்கும். அப்புறம் மருதாணியைக் கிள்ளி அந்தக் குழியில வச்சார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துச்சு. ஒவ்வொரு விரலா மூடினார். பத்தாவது விரலை மூடினதும் அவருக்கு மனசு லேசாச்சுன்னு அவரே பின்னாடி அக்காகிட்டச் சொன்னாராம், அதைச் சொல்லுறப்ப அவர் அழுதாராம்.

மறுநாள் காலையில தெருவுலயே அக்கா கைதான் அதிகமாச் சிவந்திருந்துச்சு. மருதாணி நல்லாச் சிவந்தா புருஷனுக்குப் பாசம் அதிகம்னு சொல்லுவாங்கல்ல, குழாயடியில அவளை ஓட்டி எடுத்துட்டோம். "எங்க வீட்டுக்காரரும் இருக்காரே, அம்மியை எட்டிக்கூடப் பார்க்கலை"ன்னு நான் சொன்னேன். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. கையை முன்னாடி முன்னாடி நீட்டிகிட்டே குடத்தைப் பிடிச்சா. பஸ்லயும் முன்பாதிக் கம்பி சிவந்துச்சு, ஆம்பளைங்க பழையபடி பின்பாதிக் கம்பியைப் பிடிச்சாங்க. கண்டக்டர் மேல ஒரு தடவை பார்த்துட்டு டிக்கெட்டைக் கிழிச்சுகிட்டே போயிட்டார்.

ஆவணியில நர்சம்மா ஒருத்தங்க தெருவுக்கு வந்து பொம்பளைங்களுக்கு ரத்தம் இருக்கா இல்லையான்னு பார்த்தாங்க. கையை நீட்டுன்னா எல்லாரும் சிவந்த நகத்தை நீட்டினோம். "இதுல நான் என்னத்தைப் பார்க்கிறது"ன்னு சிரிச்சுட்டு, "மயக்கம் கியக்கம் வருதா?"ன்னு கேட்டாங்க. அக்கா, "நல்லா இருக்கேனுங்க"ன்னா. குடத்தைத் தூக்கிட்டு குழாயடிக்கும் வீட்டுக்கும் நடுவுல நின்னு மூச்சு வாங்குறவ சொல்லுறா, நல்லா இருக்கேனுங்கன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். நானும் அதையேதான் சொன்னேன்.

புரட்டாசியில ஒரு மத்தியானம். மூணு ஆம்பளைங்களும் உட்கார்ந்து சாப்பிட்டுகிட்டிருந்தாங்க. முருங்கைக்கீரைப் பொரியல், தேங்காய் தூவி. பெரியவன் இன்னும் கொஞ்சம் கீரைன்னான். அக்கா கரண்டியோட குனிஞ்சவ அப்படியே இலை மேலயே விழுந்தா. சத்தம் கேட்டு நான் ஓடினேன். உதடு வெளுத்து, கை சில்லுன்னு, தலைமுடியெல்லாம் கீரை. நகம் மட்டும் செகச்செகன்னு சிவந்து கிடந்துச்சு.

மண்டியில சரக்கு ஏத்தி நின்ன டெம்போதான் கிடைச்சது. இறக்குறதுக்கு நேரமில்லாம கேரட் மூட்டை மேல கீரைக்கட்டைப் பரப்பி அவளைப் படுக்க வச்சு, அண்ணன் தலைமாட்டுலயும் பசங்களும் நானும் கால்மாட்டுலயும் உட்கார்ந்துகிட்டோம். வழி முழுக்க அவ காதுகிட்டக் குனிஞ்சு, "பரிமளம், பரிமளம்"னு கூப்பிட்டுகிட்டே வந்தார். வாழ்நாள்ல அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதை நான் அன்னைக்குத்தான் கேட்டேன். அந்த ஜில்லாவுலயே நல்ல கீரை அவ முதுகுக்குக் கீழ நசுங்கிகிட்டு வந்துச்சு.

ஆஸ்பத்திரியில வாசல்லயே ஒரு நர்சு அவ கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு, "அடேயப்பா, என்னமாச் சிவந்திருக்கு, யாரு வச்சு விட்டது?"ன்னு கேட்டாங்க. நான்தான், "அவருதானுங்க வச்சு விட்டார்"னு சொன்னேன். "குடுத்து வச்சவங்க"ன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிகிட்டுப் போச்சு. அண்ணன் செவுத்தைப் பிடிச்சுகிட்டு நின்னார்.

டாக்டரம்மா அக்காவோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க. உள்ள சிவப்பே இல்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துட்டு, இந்த ரத்தத்தை வச்சுகிட்டு இவங்க எப்படி நடந்தாங்கன்னு தெரியலை, இதயம் களைச்சுப் போயிருக்கு, ரெண்டு நாள் தாண்டட்டும் அப்புறம்தான் சொல்ல முடியும்னாங்க. நகத்தைப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே, இதை எதுக்கு இப்படி மூடி வச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க.

"வீட்டுல கீரை, காயெல்லாம் வாங்குறதில்லையா?"

"தினமும் வாங்குறேனுங்க. மண்டியிலதானுங்க வேலை."

"அப்புறம் யாரு சாப்பிடுறது?"

அண்ணன் கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கொண்டு போனார். பசங்களும் அப்படியே செஞ்சாங்க. மூணு ஆம்பளைங்க டாக்டரம்மா முன்னால கையைப் பின்னால கட்டிகிட்டு வாத்தியார் முன்னால நிக்கிற மாதிரி நின்னாங்க, பின்னால நின்ன எனக்கு அந்த முப்பது விரலும் தெரிஞ்சது, அத்தனையும் முந்தின நாள் தின்ன கீரைப் பச்சை.

பசங்க ரத்தம் குடுத்தாங்க. இரண்டாவது பாட்டில் ஏறின பிறகு அவ கண்ணைத் திறந்தா. அண்ணனைப் பார்த்ததும் அவ கேட்ட முதல் கேள்வி, "நீங்க சாப்புட்டீங்களா?"

அந்த மனுஷன் முகத்தை அப்ப நான் பார்த்தேன், இனி அப்படி ஒரு முகத்தைப் பார்க்க வேண்டாம் சாமி. அவர் சொன்னார், "ஆச்சு." சாப்பிட்டிருக்கலை. ரெண்டு நாளாப் பச்சைத்தண்ணிதான். அவ மெதுவா அவர் கையை எடுத்துத் திருப்பி நகத்தைப் பார்த்தா. சுண்ணாம்பு வெள்ளை. அவளுக்கு அழுகை வந்துடுச்சு. "ஏனுங்க பொய் சொல்லுறீங்க"ன்னு கேட்டா.

வீட்டுக்கு வந்தாங்க. இப்ப மாத்திரைதான் காப்பாத்தும், அப்புறம் சாப்பாடுதான் காப்பாத்தும்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாங்க. கீரைன்னா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்பிடணும், இல்லாட்டி ஒரு நெல்லிக்காயைக் கடிச்சுக்கணும், அப்பதான் அதுல இருக்கிற சத்து ரத்தத்துல சேரும், சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அந்தச் சத்தை டீ பிடிச்சு வச்சுக்கும், ரெண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கணும்னு சொன்னாங்க. எங்க தெருவுல பாதிப் பேருக்கு அந்த டீதான் சாப்பாடு. கேட்டுட்டு வந்து நானும் என் டம்ளரைத் தள்ளி வச்சேன்.

அண்ணனே கீரை ஆய்ஞ்சார். காம்போட போட்டு முதல் நாள் கருக்கினார், ரெண்டாம் நாள் உப்பை அள்ளிக் கொட்டினார், செவுருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் சொல்லச் சொல்லக் கத்துகிட்டார். ஆனா சமைக்கிறது பெருசில்லை, அவளை உட்கார வைக்கிறதுதான் பெரும்பாடு. இலையைப் போட்டு முதல்ல அவளுக்கு வச்சா, கை எழும்பாது. தொண்டையில இறங்க மாட்டேங்குதுங்க, நீங்க தின்னாமத் தின்னா தப்புப் பண்ணுற மாதிரி இருக்குங்கன்னு அழுவா. அவர் எதிர்க்க உட்கார்ந்து, "தப்புப் பண்ணினவன் நான்தான் புள்ள, நீ தின்னு"ம்பார். கடைசியில ஒரே தட்டுல ரெண்டு பேரும் உட்கார்ந்தாங்க. அப்பவும் கீரையை அவர் பக்கம் தள்ளி விடுவா, அவர் இந்தப் பக்கம் தள்ளுவார், பசங்க ரெண்டும் தட்டைக் கையில எடுத்துகிட்டு வெளிய போயிடுவாங்க.

அவ தின்னது சேருதா சேரலையான்னு தெரியணும்னா நகத்தைப் பார்க்கணும், நகமோ மருதாணிக்கு அடியில. தேய்ச்சாப் போற சாயமா அது. அண்ணன் தினமும் காலையில அவ கையை வெளிச்சத்துல பிடிச்சு அடிநகத்தைப் பார்ப்பார். நகம் வளர வளர மருதாணி மேல போகும், கீழ புது நகம் முளைக்கும். ரத்தமில்லாத நகத்துல நிறம் லேசுல ஏறலை, முதல்ல வெள்ளைதான் வந்துச்சு. அந்த வெள்ளையைப் பார்க்கிறப்பெல்லாம், இதுக்கு மேலதான் நான் மருதாணி வச்சேன்னு அவருக்குத் தோணும், அன்னைக்கு மண்டியில எந்தக் காயைத் தொட்டாலும் தரம் தப்பாச் சொல்லுவார். கார்த்திகையில ஒருநாள் காலையில, "பரிமளம்"னு ஒரு கூப்பாடு கேட்டுப் பயந்துட்டேன். ஓடிப் போய்ப் பார்த்தா, வலது கட்டை விரல் அடியில நூல் கனத்துக்கு ஒரு பச்சைக் கோடு.

ஊரு திருந்திடுச்சான்னு கேட்டா, என்னத்தைச் சொல்ல. சில வீட்டுல ஒண்ணா உட்கார ஆரம்பிச்சாங்க. என் வீட்டுக்காரர் இப்ப பொரியல் சட்டிக்குள்ள எட்டிப் பார்த்துட்டுத்தான் ரெண்டாந்தரம் கேட்கிறார், அந்த மட்டுக்கும் சரி. ஆனா மருதாணி நிக்கலை. வருஷா வருஷம் ஆடியில லாரி வருது, செல்லமுத்து மைக் வச்சுப் பேசுறார், நகச்சிவப்புத் திருவிழான்னு அதுக்கு ஒரு பேரே வச்சுட்டாங்க, வெளியூர்ல இருந்து வேடிக்கை பார்க்க வர்றாங்க. எங்க கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு எவ்வளவு அழகுங்கிறாங்க. நாங்களும் சிரிச்சுகிட்டே நீட்டுறோம்.

அந்த முதல் வருஷம் தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில பரிமளம் அக்கா புறவாசல் படியில உட்கார்ந்து நகம் வெட்டிகிட்டிருந்தா. நுனியில பிறை மாதிரி ஒட்டிகிட்டிருந்த கடைசி மருதாணித் துண்டு கீழ விழுந்துச்சு. நகம் முழுக்கப் பச்சை, குழி மேடேறிச் சமமாகியிருந்துச்சு. அண்ணன் அந்தத் துண்டையே பார்த்துகிட்டு நின்னார். ஒரு வழியா அது தொலைஞ்சதுங்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

அக்கா அந்தத் துண்டைக் குனிஞ்சு எடுத்து உள்ளங்கையில வச்சுகிட்டு, "மறுபடி எப்பங்க வச்சு விடுவீங்க?"ன்னு கேட்டா.

அவர் அப்படியே படியில உட்கார்ந்துட்டார். "நான் எதுக்கு வச்சேன்னு உனக்குத் தெரியாது புள்ள."

"தெரியுமுங்க. வைக்கிறப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா கையைக் குடுத்தே?"

"கையைப் பிடிச்சீங்கல்ல"ன்னா அவ.

அவர் தலையைக் குனிஞ்சுகிட்டார், தோளு குலுங்குச்சு. அவ முதுகைத் தடவிகிட்டே இருந்தா. அப்புறம் எந்திரிச்சு மூஞ்சியைத் துடைச்சுகிட்டுப் போய் மருதாணி இலை பறிச்சுகிட்டு வந்தார். செவுருக்கு இந்தப் பக்கம் அம்மிச் சத்தம் கேட்டுச்சு. நான் எட்டிப் பார்த்தப்ப, அவ கையைத் தன் முழங்கால் மேல மல்லாத்தி வச்சுகிட்டு, உள்ளங்கை நடுவுல பெருசா ஒரு வட்டம் வச்சு, சுத்தி சின்னச் சின்னப் பொட்டா வச்சுகிட்டிருந்தார். நகத்துகிட்ட வர்றப்ப ஒதுங்கி ஒதுங்கிப் போனார், ஒரு நகத்துல தெரியாமப் பட்டதைத் தன் வேட்டி நுனியால உடனே துடைச்சு விட்டார்.